கீழிருந்து நான்காவது வரி

போன மாதம் நம் வாட்ஸப் குழுவில் ஒருவர் பழைய புகைப்படம் ஒன்றைப் போட்டார். நம் தமிழ்ச் சங்க ஹாலில் நடந்த பொங்கல் விருந்து. தகரக் கூரை, இரண்டு வரிசை இலை, ஈரக் கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் அப்பாக்கள். நீங்கள் எல்லாரும் அதில் உங்களைத் தேடினீர்கள். ஒருவர் மட்டும், "வலது ஓரத்தில் வாளியோடு ஒரு கை தெரிகிறதே, யார் அது?" என்று கேட்டிருந்தார். யாரும் பதில் போடவில்லை. நானும் போடவில்லை. கைபேசியில் தட்டிவிட்டுப் போகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அது ஹாலக்காவின் கை. உண்மைப் பெயர் எனக்கும் தெரியாது. நாம் யாரும் கேட்டதில்லை. ஹாலுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் மகளோடு இருந்தார். சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். கொத்தனாரான கணவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபின் நம் சங்கத்தார் அவரை வேலைக்கு வைத்தார்கள். ஹாலைப் பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, விருந்து முடிந்தபின் அண்டா தேய்ப்பது அவர் வேலை. மகள் என் பள்ளியில் என் வகுப்பில் வேறு பிரிவில் படித்தாள். கன்னடப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஹாலில் தமிழ் வகுப்பு நடக்கும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால் அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஹாலக்காவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. இந்த இரண்டு விவரமும் பின்னால் தேவைப்படும்.

என் அப்பா சங்கச் செயலாளர். அதற்கு அடையாளம் ஒரு தீர்மானப் புத்தகம். நீளமான கணக்குப் பேரேடு போன்றது, முதுகில் சிவப்புக் காலிகோ துணி ஒட்டியது. மாதக் கூட்டத்தில் பேசியதைச் சீட்டில் குறித்துவந்து, வீட்டில் உட்கார்ந்து கறுப்பு மையில் அதில் எழுதுவார். அடுத்த மாதக் கூட்டம் அதை உரக்க வாசித்துத்தான் தொடங்கும். வாசித்தபின் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். "இதுல ஏறினது அழியாது" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஹாலக்காவிடமும் சொல்லியிருக்கிறார். கூட்டம் முடிந்து அதை அலமாரியில் வைத்துப் பூட்டும்போதெல்லாம் சொல்வார்.

அந்தப் பொங்கலன்று சமையற்காரரோடு வரவேண்டிய இரண்டு பேர் வரவில்லை. பந்தியில் ரசம் கேட்டுக் குரல் எழுந்தது. அப்பா பின்கட்டைப் பார்த்து, "ஏம்மா, அந்த ரச வாளியக் கொஞ்சம் எடுத்துண்டு வாயேன், இங்க கை போதல" என்றார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டது என் அப்பா.

ஹாலக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நான் தம்ளர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இரண்டு இலை தள்ளி நின்றேன். மூன்று பேருக்கு ஊற்றினார். நான்காவது இலை சங்கத்தின் உபதலைவருடையது. அவர் இலைக்குமேல் கையை விரித்து மறைத்தார். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார்.

கத்தவில்லை. உப்பு கேட்பதுபோல்தான் சொன்னார். ஹாலக்கா பிறந்த சாதியையும் பெண்ணின் உடம்பையும் சேர்த்து ஒரே மூச்சில் முடிக்கிற சொல். பந்தியில் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் இலையைப் பார்த்தார்கள். அப்பாவும் இலைகளைத்தான் பார்த்தார். "நான்தான் கூப்பிட்டேன்" என்று அவர் சொல்லவில்லை.

ஹாலக்கா வாளியை அங்கேயே, இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கரண்டியை வாளிக்குள் சாய்த்து வைத்துவிட்டுத்தான் போனார். அந்த வாளியை யாரும் தொடவில்லை. பந்தி பாயசத்துக்குப் போயிற்று. ரசத்தின்மேல் நெய் உறைந்து வெள்ளையாக ஏடு கட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். "என்ன வார்த்தை?" என்றாள். சொன்னேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"நான் சொல்லலம்மா. உபதலைவர் மாமாதான் சொன்னார்."

"இப்பச் சொன்னது யாரு?"

எனக்கு அப்போது பதினொரு வயது. பிற்பாடு பத்திரிகை வேலையில் அந்தக் கேள்வியைப் பல தடவை நினைத்திருக்கிறேன். 'மழை பெய்கிறது என்று அவர் சொன்னார்' என்று எழுதினால் படிப்பவர் நனைவதில்லை. 'உன்னைக் கொல்வேன் என்று அவர் மிரட்டினார்' என்று எழுதினால் படிப்பவர் உயிருக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த வகைச் சொல் மட்டும் அப்படியில்லை. யார் சொன்னதாகச் சொன்னாலும், மேற்கோள் குறி போட்டாலும், அது மறுபடி ஒருமுறை சொல்லப்பட்டுவிடுகிறது. அம்மாவின் கைக்கு அது தெரிந்திருந்தது.

மாசி மாதக் கூட்டம். தமிழ் வகுப்பு முடிந்து, அப்பாக்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் பயிற்சி எழுதிக்கொண்டிருந்தோம். உங்களில் மூன்று பேராவது இருந்தீர்கள். காபித் தட்டோடு வந்த ஹாலக்கா தம்ளர்களைக் கொடுத்து முடித்தபின்பும் நின்றார்.

"என்னம்மா?" என்றார் தலைவர். அவர் வயதான டாக்டர், யாரையும் கடிந்து பேசாதவர்.

"அன்னிக்குப் பந்தியில அவரு என்னையச் சொன்னாருங்களே. அதைய அந்த நோட்டுல எழுதோணுங்க."

உபதலைவர் சிரித்தார். "அய்யோ, அது சும்னே, சும்மா ஒரு பேச்சு. பசியில வந்துடுத்து. இப்ப என்ன, ஸாரி. ஆயித்தா, போதுமா?"

"ஸாரியெல்லாம் வேண்டாமுங்க. எழுதினாப் போதும்."

"வர தீபாவளிக்கு நல்ல புடவையா ஒண்ணு வாங்கித் தரச் சொல்றேன்" என்றார் தலைவர்.

"புடவ இருக்குதுங்க."

அப்பா பேனாவைத் திறந்தார். "சரி. அவர் என்ன சொன்னார்னு நீ சொல்லு. எழுதிக்கறேன்."

ஹாலக்கா அப்பாவைப் பார்த்தார். "என்ற வாயால நான் எதுக்குங்க அதைச் சொல்லோணும்? அது அவரு வார்த்தை. நீங்க அத்தனை பேரும் இருந்தீங்க. காதுல கேட்டவங்க சொல்லுங்க."

மின்விசிறி சுற்றிற்று. காபி குடிக்கிற சத்தம் கேட்டது.

"பாத்தியா, நீயே சொல்ல மாட்டேங்கற. சொல்லாத வார்த்தைய நான் எப்படி எழுதறது?"

"நாளைக்கு என்னைய வாளிய வெச்சுட்டுப் போன திமிருக்காரின்னு சொல்லுவாங்க. எதுக்கு வெச்சேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. என்ற புள்ளகூட ஒருநா கேப்பா. இன்ன வார்த்த, இன்னாரு சொன்னாருன்னு ஒரு எடத்துல இருக்கோணுங்க. இதுல ஏறினா அழியாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

உபதலைவர், "நம்ம நோட்டுல கெட்ட வார்த்தை எழுதற அளவுக்கு வந்தாச்சா?" என்று கன்னடத்தில் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். ஹாலக்காவுக்கும் கன்னடம் தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சரிம்மா, எழுதிடறேன். நீ போ" என்றார் அப்பா.

அவர் அதை நம்பினார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, நிறுத்தி நிதானமாகப் பேசும் மனிதர். யாரும் நம்பியிருப்பார்கள்.

அந்த வாரம் அப்பா எழுத உட்கார்ந்தபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எழுதறேளா அதை?"

"எப்படி எழுதறது? எழுதினா எழுதினவன் வாய்தான் நாறும். அதுவுமில்லாம, நாளைக்கு எவனாவது இதைப் புரட்டினா அந்தப் பொம்பளையப் பத்தி அந்த வார்த்தைதான் கிடைக்கும். வேற ஒண்ணும் இருக்காது. அவளுக்குத்தானே அசிங்கம்?"

"அத்தனை பேர் காதுல விழுந்தாச்சு. காகிதத்துல விழக் கூடாதாக்கும்."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

என்னைக் கன்னத்தில் அறைந்தவளும் அவள்தான். இரண்டும் ஒரே ஆள் என்பதை நான் இன்றும் பொருத்திப் பார்க்க முயல்கிறேன். அப்பா சொன்னதிலும் முழுக்கத் தவறில்லை என்பதுதான் சிக்கல். அவர் ஒரு விஷயத்தில் மட்டும் தவறினார். ஹாலக்காவின் அசிங்கத்தைப் பற்றி ஹாலக்காவிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவர் எழுதியது எனக்கு வரிக்கு வரி தெரியும். அப்பா இறந்து வீட்டைக் காலி செய்தபோது அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஒரு பக்கமாக எடுத்து வைத்துவிட்டு வெளியே போய்வருவதற்குள் தம்பி அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டான். அதில் இருந்தது இது: 'பொங்கல் விருந்தில் பரிமாறும் ஏற்பாட்டில் நேர்ந்த குறையையொட்டி, உறுப்பினர் ஒருவர் பணியாளரிடம் தகாத சொல் ஒன்றைக் கூறியதாகத் தெரிவிக்கப்பட்டது. இனி இவ்வாறு நேராமல் இரு தரப்பாரும் பார்த்துக்கொள்வது என முடிவாயிற்று.'

துணை ஆசிரியர் கண்ணோடு பார்த்தால் நேர்த்தியான வேலை. சொன்னவர் 'உறுப்பினர் ஒருவர்' ஆனார். சொன்னது 'தெரிவிக்கப்பட்டது' ஆயிற்று. ரசம் ஊற்றக் கூப்பிட்டவர் 'குறை' ஆனார். 'இரு தரப்பார்' எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் புத்தகத்தை ஹால் மேசையில் வைத்துவிட்டு வரச் சொல்லி அப்பா என்னை அனுப்பினார். ஹாலக்கா பின்கட்டுக் குழாயடியில் பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழாய் எப்போதும் சொட்டும். புத்தகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"உங்கப்பா எழுதிட்டாரா கண்ணு?"

"எழுதிட்டார்."

"படிச்சுக் காட்டு. என்ற புள்ளைக்குக் கன்னடந்தான் படிக்க வரும்."

மகள் அறை வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தைப் பிரித்தேன். 'தகாத சொல் ஒன்றை' என்ற இடம் கண்ணில் பட்டது. ஹாலக்கா கேட்டது அதையல்ல என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. எதிரே நிற்பவர் ஏமாறுவதைப் பார்க்கவும் முடியவில்லை. பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பா விட்டதை நான் திருத்துவதாகத் தோன்றியது.

உபதலைவரின் பெயரைச் சொல்லி, பந்தியில் பணியாளரைப் பார்த்து இன்ன சொல்லைச் சொன்னார் என்று வாசித்தேன். வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி, உரக்க, அந்தச் சொல்லை முழுதாகச் சொன்னேன். மகளின் சீப்பு நின்றது. ஹாலக்கா கண்ணை மூடித் திறந்தார்.

"எந்த எடத்துல இருக்குது? காட்டு."

வலது பக்கத்தில், கீழிருந்து நான்காவது வரியில் என் விரல் போய் நின்றது. ஏன் அங்கே என்று கேட்டால் தெரியாது. அவர் தன் விரலை அதன்மேல் வைத்தார். விரலில் புளி இருந்தது. "கீழேர்ந்து நாலாவது" என்று மகளிடம் சொல்லிக்கொண்டார். எடுத்தபோது காகிதத்தில் பழுப்பாக ஒரு கறை விழுந்திருந்தது.

அடுத்த மூன்று வாரமும் ஹாலக்கா வேறு ஆளாக இருந்தார். துணி தேய்ப்பவரிடமும் பூக்காரியிடமும், "எழுதிட்டாங்க" என்று சொன்னார். இடையில் ஒருநாள் ஹாலுக்கு வந்த உபதலைவருக்குக் காபி கொடுத்தபோது, தம்ளரை எப்போதும் வைப்பதுபோல் கீழே வைக்காமல் கையில் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். வகுப்பு முடிந்ததும் எனக்கு மட்டும் வேகவைத்த நிலக்கடலை காகிதத்தில் கட்டித் தருவார். "நல்லாப் படிக்கிற புள்ள" என்பார். உப்பும் சூடுமாக அந்தக் கடலையை நான் வாங்கித் தின்றேன். மூன்று ஞாயிறு தின்றேன்.

பங்குனிக் கூட்டத்தன்று தகரக் கூரை தகித்தது. சென்ற மாதத் தீர்மானத்தை வாசிக்க அப்பா எழுந்ததும் ஹாலக்கா கதவோரம் வந்து நின்றார். மகளையும் கையைப் பிடித்து அழைத்துவந்திருந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். கூட்டத்தன்று பெருக்கி முடித்த புடவையோடு வருவதுதான் அவர் வழக்கம்.

நான் பின்வரிசையில் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வாசித்தார். 'தகாத சொல் ஒன்றை' என்ற இடம் வந்து போயிற்று. ஹாலக்காவின் முகம் மாறவில்லை. அவர் இன்னும் காத்திருந்தார். அவருடைய இடம் கீழிருந்து நான்காவது வரி. அப்பா பக்கத்தின் அடிக்கு வந்தபோது கறையைப் பார்த்துப் புருவத்தைச் சுளித்தார். பிறகு அந்த வரியைப் படித்தார். 'ஹாலின் பின்புறத் தண்ணீர்க் குழாயில் கசிவு இருப்பதால், பழுது பார்க்க ஆள் அமர்த்துவது என முடிவாயிற்று.' இன்னும் மூன்று வரி. முடிந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். உபதலைவரும் போட்டார்.

ஹாலக்கா உபதலைவரைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் காபித் தட்டோடு வந்து எல்லாருக்கும் கொடுத்தார். தம்ளர்களைத் தரையில் வைத்தார்.

மறுநாள் காலை கொள்ளேகால் பஸ்ஸில் தாயும் மகளும் போய்விட்டதாகப் பூக்காரி சொன்னாள். 'பணியாளர் சொந்தக் காரணங்களால் விலகினார்' என்று அடுத்த தீர்மானத்தில் இருந்தது. மகள் என் பள்ளியிலிருந்தும் நின்றாள். பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. தேடியிருந்தால் தெரிந்திருக்கலாம். கொள்ளேகால் ஒன்றும் தொலைவில்லை.

நான் பெங்களூரில் ஒரு நாளிதழில் முப்பது வருடம் செய்தி திருத்தினேன். கிராமத்து நிருபர்கள் சில சமயம் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புவார்கள். நான் அடித்துவிட்டு 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று போடுவேன். மூன்று சொல். எந்தச் சாதிக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும். ஒருநாள் ஒரு நிருபர் தொலைபேசியில், "அந்தம்மா அந்த வார்த்தையப் போடணும்னு கேக்கறாங்க மேடம்" என்றார். படிக்கிறவர்களுக்குக் கூசும் என்றேன். "படிக்கிறவங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். மறுநாள் அச்சில் பார்த்தேன். என் அப்பாவின் வாக்கியம்.

இதோ, இவ்வளவு தூரம் படித்தும் அந்தச் சொல் உங்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு முறை எழுதிப் பார்த்து இரண்டு முறையும் அழித்தேன். எழுதினால் அவரை மறுபடி ஒருமுறை சொன்னதாகும். எழுதாவிட்டால் அவர் வாளியை வைத்துவிட்டுப் போனவர். இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது நினைக்கவில்லை.

கூட்டம் முடிந்த அந்த மத்தியானம் நான் பின்கட்டுக்குப் போனேன். என்ன சொல்வதற்குப் போனேன் என்று நினைவில்லை. ஹாலக்கா குழாயடியில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் அறைக்குள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமான கடலைப் பொட்டலம் ஜன்னல் கட்டையில் கட்டியபடி இருந்தது. காலையிலேயே கட்டி வைத்திருக்க வேண்டும்.

அவர் கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நோட்டுல அது இல்லியே கண்ணு" என்றார். "அப்ப அன்னிக்குப் படிக்கறப்ப என்னையச் சொன்னது நீதானா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பழுது பார்க்க முடிவானது புத்தகத்தில் இருந்தது.